கேஸ் கீசர் மாட்டுமுன் சுவரைக் கவனியுங்கள்



நம் இதழில் வரி, உரிமம், எடைக்கல் முத்திரை என்று கடைக்கு வேண்டியதையெல்லாம் படித்து வருகிறோம். இம்முறை கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டைப் பற்றி எழுதுகிறேன். காஞ்சிபுரத்தில் நம்மில் பலருக்கு முன்கட்டில் கடை, நடுக்கட்டில் சரக்கு, பின்கட்டில் குடித்தனம். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே பொதுச்சுவர். காற்று வருவதற்கு முற்றம் ஒன்றுதான் வழி. அந்த முற்றத்தையும் பலர் தகரமோ பிளாஸ்டிக் ஷீட்டோ போட்டு மூடிவிட்டோம். இப்படிப்பட்ட வீட்டில்தான் இன்று கேஸ் கீசர் மாட்டுகிறோம்.

விறகு அடுப்பில் வெந்நீர் போட்ட காலத்தில் புகை கண்ணைக் கரித்தது. அதனால் பலர் புகைபோக்கி வைத்தே அடுப்பறை கட்டினார்கள். கேஸ் எரிந்தால் கண் கரிப்பதில்லை. ஆகவே புகையே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த நினைப்புதான் ஆபத்து.

சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். மார்கழி மாதம் விடியற்காலை, மருமகள் குளிக்கப் போனாள். குளிர் என்று கதவு, வென்டிலேட்டர் எல்லாம் சாத்தியிருந்தது. கால் மணி நேரம் ஆகியும் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை. மகன் தாழ்ப்பாளை உடைத்துத் திறந்தான். உள்ளே மயங்கிக் கிடந்தாள். மருத்துவமனையில் பிராணவாயு கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். இன்னும் சற்று நேரம் தாமதித்திருந்தால் கடினம் என்று மருத்துவர் சொன்னார்.

பிறகு விசாரித்தேன். சுவரில் புகைக்குழாய்க்கு வழி விடாதது ஏன் என்று கேட்டால், கொத்தனார் அது பிளம்பர் வேலை என்றார். பிளம்பர் அது கீசர் மாட்ட வந்தவர் சொல்லவேண்டியது என்றார். மாட்ட வந்தவரோ, சுவரில் துளை இல்லை, வீட்டுக்காரரும் கேட்கவில்லை என்றார். மூவர் மேலும் குறை சொல்லிப் பயன் இல்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான். ஒரு மூட்டை துவரம்பருப்பை வாங்குமுன் கையை விட்டுப் பார்க்கிறோம். சுவரை நான் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதன்பின் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைப் பாடமாகக் கீழே தருகிறேன்.

1. எரிந்த வாயு எங்கே போகிறது?

நமக்குப் பழக்கமான எடைக் கணக்கிலேயே பார்ப்போம். சிலிண்டரில் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் என்னும் வாயுக்களின் கலவை. அதில் 1 கிலோ முழுமையாக எரிய, காற்றிலிருந்து ஏறத்தாழ 3.6 கிலோ பிராணவாயு வேண்டும். வரவு 4.6 கிலோ. எரிந்தபின் சுமார் 3 கிலோ கரியமில வாயுவும், சுமார் 1.6 கிலோ நீராவியும் வெளிவரும். செலவும் 4.6 கிலோ. கணக்கு நேராகிவிட்டது. இந்த 4.6 கிலோவும் எங்காவது போயாக வேண்டும். சுவரில் வழி இல்லையென்றால் அது குளிப்பவர் மூச்சில்தான் போகும்.

அடுப்பை வைத்துக் கீசரை எடை போடக்கூடாது. சமையல் அடுப்பின் ஒரு பர்னர் மணிக்கு ஏறத்தாழ 150 கிராம் கேஸ் எரிக்கும். 6 லிட்டர் கீசர் முழு வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 900 கிராம் எரிக்கும். அதாவது ஆறு பர்னரை ஒன்றாகக் கொளுத்திக் குளியலறையில் வைத்ததற்குச் சமம்.

5 அடி அகலம், 7 அடி நீளம், 9 அடி உயரமுள்ள குளியலறையில் 315 கன அடி காற்று இருக்கும். அதில் பிராணவாயு 21 சதவீதம், அதாவது சுமார் 66 கன அடி. கீசர் பத்து நிமிடத்தில் 14 கன அடிக்கு மேல் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். அறை இறுக மூடியிருந்தால் 21 சதவீதம் 16, 17 என்று இறங்கிவிடும். அந்த அளவில் தீ சரியாக எரியாது. அரைகுறையாக எரியும் தீயிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு கிளம்பும்.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. சிலிண்டர் கசிந்தால் நாற்றம் வருகிறதே என்று கேட்பீர்கள். அந்த நாற்றம், கசிவு தெரிவதற்காக எத்தில் மெர்காப்டன் என்னும் பொருளைச் சேர்ப்பதால் வருவது. எரிந்துவிட்ட வாயுவில் அந்த நாற்றம் இருக்காது. ஆகவே மூக்கை நம்பிப் பயன் இல்லை. கார்பன் மோனாக்சைடு நம் இரத்தத்தில் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல். பிறகு கால் துவண்டு, கதவைத் திறக்கக்கூடத் தெம்பு இல்லாமல் போகும். ஊட்டி, கொடைக்கானலில் மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அதற்கும் காரணம் இதே வாயுதான்.

2. வெளிநாட்டுப் பாடம்

கேஸில் உடனடி வெந்நீர் தரும் கருவியை 1868-ல் லண்டனில் பெஞ்சமின் மாகன் என்பவர் செய்தார். ஐஸ்லாந்து நாட்டு வெந்நீர் ஊற்றின் பெயரால் அதற்குக் கீசர் என்று பெயர் வைத்தார். அந்த முதல் கீசருக்குப் புகைக்குழாய் கிடையாது. புகைக்குழாய் வேண்டும் என்பது பின்னால் வந்த அறிவு.

குளிர் நாடான இங்கிலாந்தில் வரவேற்பறைச் சுவரிலேயே கேஸ் கணப்பு மாட்டுவார்கள். மாட்டுமுன் பழைய புகைபோக்கியைச் சுத்தம் செய்து, புகை எழுப்பி, அது முழுதும் மேலே போகிறதா, பக்கத்து அறையில் கசிகிறதா என்று சோதிப்பார்கள். கூலிக்கு கேஸ் வேலை செய்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். 2009 முதல் அந்தப் பதிவேட்டுக்குக் கேஸ் சேஃப் என்று பெயர். சுவர் முதலில், கருவி பிறகு என்ற ஒழுங்கை நாமும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

3. எந்தக் கீசர், எந்த இடம்?

கடையில் மூன்று வகை உண்டு. முதல் வகைக்குப் புகைக்குழாயே இல்லை. எரிந்த வாயு மாட்டிய இடத்திலேயே வெளிவரும். இரண்டாம் வகைக்கு மேலே புகைக்குழாய் உண்டு. எரிய வேண்டிய காற்றை அறையிலிருந்து எடுக்கும். மூன்றாம் வகை குழாய்க்குள் குழாய் உள்ளது. வெளிக்குழாய் வழியே வெளிக்காற்றை எடுத்து, உட்குழாய் வழியே புகையை வெளியே தள்ளும். அறைக்காற்றை அது தொடுவதில்லை.

முதல் வகையைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. விலை குறைவு என்பதற்காக மயங்க வேண்டாம். எந்த வகையானாலும் சிறந்த இடம் குளியலறைக்கு வெளியே, வானம் தெரியும் முற்றத்துச் சுவரோ கொல்லைப்புறச் சுவரோதான். வெந்நீர் மட்டும் குழாய் வழியாக உள்ளே போகட்டும். மழைச்சாரல் படாமல் மேலே ஒரு சிறு சாய்ப்பு போதும். மூடிய முற்றம் வெளி ஆகாது என்பதை மறக்க வேண்டாம்.

வெளியே இடமே இல்லை, உள்ளேதான் மாட்ட வேண்டும் என்றால் புகைக்குழாய் உள்ள வகை, அதிலும் மூன்றாம் வகை நல்லது. அதற்குச் சுவரைத் தயார் செய்யும் முறை அடுத்து வருகிறது.

4. சுவரைச் சோதித்தல்

முதலில் அது யார் சுவர் என்று பாருங்கள். பொதுச்சுவரில் துளையிட்டால் புகை பக்கத்து வீட்டுக்குள் போகும். அது சண்டைக்கும் வழி, சாவுக்கும் வழி. சுவருக்கு அப்புறம் சரக்கு அறை இருந்தாலும் கூடாது. சாக்கு, தீப்பெட்டி, கற்பூரம், எண்ணெய் டின், பிளாஸ்டிக் கவர் இருக்கும் இடத்துக்குள் சூடான குழாய் நீளக்கூடாது. நீராவி பட்டால் அரிசி மூட்டை பூஞ்சாணம் பிடிக்கும். துளை திறந்த வெளியில் முடிய வேண்டும். பரணிலோ, மாடிப்படிக்கு அடியிலோ, தறி போட்டிருக்கும் கூடத்திலோ முடிந்தால் அது வெளி அல்ல.

வெளிப்பக்கம் குழாய் முடியும் இடத்திலிருந்து எந்த ஜன்னலும், வென்டிலேட்டரும் குறைந்தது 2 அடி தள்ளியிருக்கட்டும். கருவியோடு வரும் கையேடு கூடுதலாகக் கேட்டால் அதுவே கணக்கு. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுத் தெருக்களில் காலையில் தெருவிலேயே பாவு விரிப்பார்கள். தெருப்பக்கம் குழாய் வைத்து அவர்கள் முகத்தில் புகை விட வேண்டாம்.

அடுத்து சுவரின் பலம். பழைய வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் இருக்கும். சில இடங்களில் நடுவே மண்சாந்தும் இருக்கும். சுத்தியின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டுங்கள். டொக்கென்று கேட்டால் பூச்சு சுவரை விட்டு விலகியிருக்கிறது. ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தால் அங்கே போல்ட் நிற்காது. நாலரை அங்குலத் தடுப்புச் சுவர், பிளைவுட் தடுப்பு ஆகியவற்றைத் தவிர்த்து, ஒன்பது அங்குலச் சுவரைத் தேர்ந்தெடுங்கள்.

பூச்சு கெட்டிருந்தால், கீசர் வரும் இடத்தைச் சுற்றி ஒரு அடி கூடுதலாகச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, தூசி தட்டி, தண்ணீர் தெளித்து, புதிதாகப் பூச வேண்டும். ஏழு நாளாவது நனைத்துக் காயவிட்டுப் பிறகே துளையிட வேண்டும். அவசரப்பட்டு மறுநாளே ஆங்கர் போல்ட் அடித்தால் பூச்சோடு பெயர்ந்து வரும். சுவர் சரியில்லை என்று மரப்பலகை அடித்து அதன்மேல் கீசர் மாட்டுவதும் தவறு. சூடு படும் இடத்தில் மரம் கூடாது.

5. துளையிடுதல்

(அ) முதலில் மெயினை நிறுத்துங்கள். சுவருக்குள் மின்கம்பி, தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று எலக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் கேட்டுச் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள்.

(ஆ) கருவியை வாங்கி, கையேட்டில் உள்ள அளவைப் பார்த்த பிறகே துளை போடுங்கள். முன்கூட்டியே போட்டால் குழாய் ஒரு பக்கமும் துளை ஒரு பக்கமும் நிற்கும்.

(இ) உளி, சம்மட்டி வேண்டாம். பழைய காரைச் சுவர் அதிர்ந்து பக்கத்துச் செங்கலெல்லாம் ஆடிப்போகும். கோர் கட்டிங் இயந்திரத்தால் வட்டமாக அறுக்கச் சொல்லுங்கள்.

(ஈ) சரிவு முக்கியம். பொதுவாக, விசிறி வைத்துப் புகையைத் தள்ளும் வகைக்குக் குழாய் வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். மழைநீர் உள்ளே வராது; நீராவி குளிர்ந்த தண்ணீரும் வெளியே வடியும். விசிறி இல்லாத வகையில் புகை தன் சூட்டினாலேயே ஏறுகிறது. அதற்குக் குழாய் கீசரிலிருந்து முதலில் நேராக மேலே ஏறி, பிறகு வளைந்து, வெளிப்பக்கம் சற்று உயர்ந்து போக வேண்டும். உங்கள் கருவிக்கு எது என்று கையேட்டில் பாருங்கள். துளை விழுந்தபின் சரிவை மாற்ற முடியாது.

(உ) துளைக்குள் சுவர் முழு கனத்துக்கும் ஓர் உலோகச் சட்டைக்குழாய் செருகுங்கள். ஹாலோ பிளாக் சுவரிலும், நடுவே இடைவெளி விட்டுக் கட்டிய சுவரிலும் இது கட்டாயம். இல்லாவிட்டால் குழாய் இணைப்பில் கசியும் புகை சுவரின் பொந்து வழியே அடுத்த அறைக்குப் போய்விடும்.

(ஊ) சட்டைக்குழாயைச் சுற்றியுள்ள சந்தைச் சிமெண்டுக் கலவையால் அடையுங்கள். உள்ளே புகைக்குழாயைச் சுற்றி எரியாத பொருள்தான் இருக்க வேண்டும். தெர்மோகோல், பேப்பர், சாக்குத்துணி எதுவும் கூடாது.

(எ) புகைக்குழாய் கருவியோடு வந்த உலோகக் குழாயாகவே இருக்கட்டும். மிச்சம் பிடிக்க பி.வி.சி. குழாய் மாட்டுகிறவர்கள் உண்டு. பி.வி.சி. 80 டிகிரி சூட்டுக்கே இளகிவிடும். இளகித் தொங்கினால் புகை உள்ளேயே திரும்பும்.

(ஏ) வெளிமுனையில் மழைமூடியும் வலையும் தேவை. ஆனால் வலைக்கண் மிகச் சிறியதாக இருந்தால் கரி படிந்து அடைத்துக்கொள்ளும்.

6. கீழே இன்னொரு துளை

புகைக்குழாய் ஒன்றே போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். சூடான புகை மேலே போகும். ஆனால் கசிந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். மேலும் புகை வெளியே போக வேண்டுமானால் அதற்கு ஈடாகக் காற்று உள்ளே வர வேண்டும். ஆகவே அறைக்காற்றை எடுக்கும் கீசர் இருக்கும் அறைக்குத் தரைக்கு அருகில் ஒரு காற்றுத் துவாரம் வேண்டும். அது வெளிக்காற்றைப் பார்த்து இருக்க வேண்டும், சரக்கு அறையைப் பார்த்து அல்ல. எலி வராமல் கம்பி வலை அடிக்கலாம். குளிருக்குப் பயந்து சாக்கு அடைக்கக்கூடாது.

அதே அறையில் எக்ஸாஸ்ட் விசிறி இருந்தால் இன்னொரு சங்கடம். விசிறி அறைக்காற்றை இழுக்கும்போது, புகைக்குழாயில் ஏறிய புகையையும் உள்ளே இழுத்துவிடக்கூடும். விசிறி இருப்பதால் பாதுகாப்பு என்று நம்பிவிடாதீர்கள்.

சிலிண்டர் எப்போதும் குளியலறைக்கு வெளியே, நிமிர்ந்த நிலையில், தரைமட்டத்துக்குக் கீழல்லாத இடத்தில் இருக்கட்டும். வீட்டுக்கு 14.2 கிலோ, கடைக்கும் பலகார வேலைக்கும் 19 கிலோ என்பது நமக்குத் தெரிந்ததே. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சுரக்ஷா குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

7. கூலி கொடுக்குமுன் சோதனை

கதவையும் ஜன்னலையும் சாத்தி, எக்ஸாஸ்ட் விசிறி இருந்தால் அதையும் ஓடவிட்டு, கீசரைப் பத்து நிமிடம் எரிய விடுங்கள். நீங்கள் வெளியே நில்லுங்கள். பிறகு கதவைத் திறந்து, இரண்டாம் வகையானால் ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திப் புகைக்குழாய் தொடங்கும் இடத்தருகே காட்டுங்கள். ஊதுவத்திப் புகை உள்ளே இழுக்கப்பட வேண்டும். வெளியே தள்ளினால் உடனே நிறுத்திவிட்டு, குறை தீரும்வரை பயன்படுத்தாதீர்கள். ஊதுவத்தி கொளுத்துமுன் எல்லா இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ, கீசரின் மேலே சுவரில் கரி படிந்தாலோ அது எச்சரிக்கை.

கோடையில் நாம் கீசரைத் தொடுவதில்லை. அந்த மாதங்களில் குளவி கூடு கட்டும், குருவியும் அணிலும் நார் திணிக்கும். ஆயுதபூஜைக்குத் தராசையும் படிக்கல்லையும் துடைக்கும்போது புகைக்குழாயின் வாயையும் ஒருமுறை பாருங்கள். மார்கழிக் குளிர் வருமுன் அது சுத்தமாகிவிடும்.

8. மயங்கி விழுந்தால்

கதவைத் திறந்து, ஆளை உடனே வெளிக்காற்றுக்கு இழுத்து வாருங்கள். உள்ளே நின்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்க வேண்டாம், நீங்களும் விழுவீர்கள். கேஸை மூடி, 108-க்குச் சொல்லுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். கேஸ் கசிவுக்கு 1906 என்ற எண்ணை அழைக்கலாம்.

நண்பர்களே, அடுப்பறை அக்கினி மூலையில் இருக்கிறதா என்று பார்க்கிறோம். அக்கினி விடும் மூச்சு எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதில்லை. கீசரை வாங்கும்போது விலைபேசி நூறு, இருநூறு குறைக்கிறோம். புகைக்குழாயும் துளை போடும் கூலியும் தனிச்செலவு என்றதும் அப்புறம் பார்க்கலாம் என்கிறோம். என் வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது பழமொழி. கொத்தனார், பிளம்பர், கீசர் மாட்டுபவர் மூவரையும் ஒரே நாளில் வரவழைத்து, அதே சுவருக்கு முன் நிறுத்தி, எரிந்த வாயு எந்த வழியாக வெளியே போகும் என்று கேளுங்கள். மூவரும் ஒரே இடத்தைக் கைகாட்டினால் மட்டும் வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் இன்று கடை அடைத்ததும் குளியலறைக்குள் போய் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வழிகள் வெளிக்காற்றுக்கு இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அவை அமையும்வரை அந்தக் கீசரைக் கொளுத்த வேண்டாம். அதுவரை அடுப்பில் போட்ட வெந்நீரே போதும்.